மழை பெய்தால் பட்டினி

என் பாட்டி வாழ்நாளின் பெரும்பகுதியைத் தோட்டத்தில் உழைத்தே கழித்தவர். ஆனால் அவர் கையால் விளைந்த எதுவும் அவர் வாய்க்குப் போனதில்லை. போயிருக்கவும் முடியாது, ஏனென்றால் அவர் வெட்டியது பால்மரம். மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணிக்கு அருகிலிருந்த அந்தத் தோட்டத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ரப்பர் மரங்கள் வரிசை பிடித்து நின்றன. லயங்கள் என்ற வரிசை வீடுகளில் குடியிருந்த குடும்பங்கள் பொங்கித் தின்ற அரிசியில் ஒரு மணிகூட அந்த மண்ணில் விளைந்ததல்ல. நாள் முழுக்க நிலத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, உணவை மட்டும் கடைசிப் பருக்கை வரை காசு கொடுத்து வாங்கித் தின்ற மக்கள் என்று நம் முன்னோரைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிடலாம். மனிதர்கள் சோற்றுக்கு எப்படி வழி தேடினார்கள் என்று பேசும் நூல்களைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு இந்த வரிதான் இடறுகிறது. அந்த நூல்களின் வகைப்பாட்டில் பாட்டியை எங்கே உட்காரவைப்பது என்று எனக்குத் தெரிவதில்லை.

பால்வெட்டு வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, தமக்குரிய தீம்பாருக்கு, அதாவது வெட்டவேண்டிய மரப்பகுதிக்கு நடந்து, உளியால் பட்டையைக் காகிதக் கனத்தில் சாய்வாகச் சீவ வேண்டும். ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும், தோட்டக் கணக்கரான கிராணி ஏசுவார். மேலாக வெட்டினால் பால் வராது. வெயில் ஏறாத வேளையில்தான் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும். அப்போதுதான் பால் தாராளமாக ஒழுகி மரத்தில் கட்டிய மங்கு என்ற கிண்ணத்தில் சேரும். பொழுது ஏற ஏற ஒழுக்கு குறைந்து, வெட்டுவாயில் பால் உறைந்து அடைத்துக்கொள்ளும். பிறகு மங்குகளை வாளியில் கவிழ்த்து, வாளிகளைக் காண்டாக் கம்பு என்ற காவடிக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து நிறுவைக்குக் கொண்டுபோக வேண்டும். இவ்வளவும் வானம் வெளுத்திருந்தால்தான். இரவில் மழை பெய்து பட்டை நனைந்திருந்தால், வெட்டிய பால் வாய்க்காலில் இறங்காமல் மரமெங்கும் பரவி வீணாகும். அன்றைக்கு வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் கூலியும் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலும் தென்னார்க்காட்டிலும் மழைக்காக மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய குடும்பங்களின் பிள்ளைகள், கடல் கடந்து வந்த பிறகு மழை விடவேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். சோற்றுக்கும் வானத்துக்கும் இருந்த உறவே தலைகீழாகிவிட்டது.

பள்ளியில் எங்களுக்குச் சொல்லித்தந்த வரலாறு ஓர் ஏணி. கீழ்ப்படியில் வேட்டையாடிக் கிழங்கு அகழ்ந்தவர்கள், அடுத்த படியில் ஆடு மாடு மேய்த்தவர்கள், அதற்கு மேல் உழவர்கள், உச்சியில் ஆலைகளும் நகரங்களும். ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு ஏறிய மனிதன் திரும்பிப் பார்க்கவே மாட்டான் என்பதுபோல ஆசிரியர்கள் சொல்வார்கள். இந்த ஏணியை நான் நம்புவதில்லை. நம் பழைய திணை மரபில் இப்படி ஏற்ற இறக்கம் கிடையாது. தேனும் தினையுமாகக் குறிஞ்சி, மாடும் வரகுமாக முல்லை, நெல்லோடு மருதம், மீனும் உப்புமாக நெய்தல் என்று எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. உப்பு வணிகர்கள் வண்டி கட்டிக்கொண்டு உள்நாட்டுக்குப் போய், உப்புக்கு நெல்லை மாற்றி வருவது சங்கப் பாடல்களில் அன்றாடக் காட்சி. வறண்ட பாலையில் வழிப்பறியையும் ஒரு பிழைப்பாக அந்த மரபு கூச்சமில்லாமல் சேர்த்துக்கொண்டிருக்கிறது. மானுடவியல் பாடநூல்களுக்கு இல்லாத நேர்மை இது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது, அந்த மலையில் உழவர் உழாமலே கிடைக்கும் நான்கு பொருள்களைக் கபிலர் எண்ணிச் சொல்கிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். இதை இயற்கை வருணனை என்று படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். படைத்தலைவன் ஒருவன் கேட்டிருந்தால் அவனுக்கு வயிறு கலங்கியிருக்கும். வெளியிலிருந்து கோட்டை வாசல் வழியாக உணவு வந்தாக வேண்டிய ஊரைத்தான் முற்றுகையால் பணியவைக்க முடியும். தலைக்கு மேலும் காலுக்கு அடியிலும் சோறு கிடக்கும் இடத்தை எத்தனை மாதம் சூழ்ந்து நின்றும் பயனில்லை.

கபிலரின் பட்டியலைக் கொண்டுபோய் மலேசியத் தீபகற்பத்தின் நடுக்காட்டில் வாழும் பாத்தேக் மக்களிடம் காட்டினால், அதில் பெரும்பகுதியை அவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். பகாங், கிளந்தான் காடுகளில் வாழும் இந்தப் பூர்வகுடியினரின் முதன்மையான காட்டுணவு காட்டுவள்ளிக்கிழங்கு. கூர்நுனிக் கழியால் அதை அகழ்ந்தெடுப்பதில் பெண்களின் கை தேர்ந்த கை. சில வகைக் கிழங்குகள் நஞ்சு. அவற்றைச் சீவி, நீரில் ஊறவைத்து, நஞ்சு இறங்கிய பிறகே சமைக்க முடியும். பழக்காலத்தில் பழம், பூக்கும் காலத்தில் துவாலாங் மரத்தின் உயரக் கிளைகளில் தேன், இடையிடையே ஊதுகுழலால் குரங்கு, அணில். ஊதுகுழல் அம்பின் நுனியில் தடவும் நஞ்சு ஈப்போ மரத்தின் பால். மரத்தைக் கீறிப் பால் எடுப்பது அவர்களுக்கும் தெரிந்த வேலைதான். அவர்கள் எடுத்த பால் அன்று மாலையே இறைச்சியாகத் திரும்பி வந்தது. எங்கள் பாட்டி எடுத்த பால் கப்பலேறி, வேறொரு நாட்டில் டயராகி, எங்கோ தீர்மானமாகும் விலையாகி, கூலியாகி, கடைசியில் பர்மா அரிசியாக வந்து சேர்ந்தது.

காடோடிகள் ஓயாமல் இரைதேடி அலையும் பஞ்சைகள் என்ற எண்ணத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர் மானுடவியலாளர் ரிச்சர்ட் லீ. இன்றைய போட்ஸ்வானாவில், கலகாரிப் பாலைநிலத்தின் டோபே முகாமில் 1964 ஜூலையில் ஒவ்வொருவரும் எத்தனை நாள் உணவு தேடப் போகிறார் என்று அவர் குறித்துவைத்தார். பெரியவர் ஒருவர் வாரத்துக்கு இரண்டரை நாள் அளவுக்கே அதற்குச் செலவிட்டார். இதைக் கேட்டவுடன் காட்டுக்கே திரும்பிவிடலாம் என்று கிளம்பியவர்களும் உண்டு. ஆனால் கருவி செய்வது, கொட்டை உடைப்பது, விறகு சேர்ப்பது, சமைப்பது எல்லாவற்றையும் லீயே பின்னாளில் கூட்டிப் பார்த்தபோது கணக்கு வாரத்துக்கு நாற்பது மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. ஆகவே காட்டுவாழ்வு சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. பாத்தேக் மக்களிடம் 1970களில் தங்கி ஆராய்ந்த எண்டிகாட் தம்பதியர் குறித்துவைத்த ஒரு வழக்கமே என்னை அதிகம் பிடித்து நிறுத்துகிறது. முகாமுக்கு வந்து சேர்ந்த உணவை எல்லாக் குடும்பங்களுக்கும் பகிர வேண்டும். கொண்டுவந்தவருக்கு அதில் மறுப்புரிமை கிடையாது. சேமித்து வைக்க முடியாத இறைச்சியைப் பக்கத்து வீட்டு வயிற்றில் சேமித்துவைக்கிறார்கள். நாளைக்கு அவர் குழலில் குரங்கு விழும்போது இவருக்குப் பங்கு வரும்.

அதே பாத்தேக் மக்கள் பிரம்பையும் அகிலையும் வெட்டி வியாபாரிகளிடம் கொடுத்து அரிசி, மாவு, சீனி, புகையிலை வாங்குகிறார்கள். வேண்டியபோது கூலிக்குப் போகிறார்கள். இடையே ஒரு துண்டு நிலத்தில் மரவள்ளி ஊன்றிவிட்டு, அது முற்றும்வரை காத்திராமல் கிளம்பியும் விடுகிறார்கள். ஏணியில் அவர்கள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. ஒரே வழியில் தொங்கிக்கொண்டிராமல் பல வழிகளைக் கைவசம் வைத்திருப்பதே அவர்களுடைய காப்பீடு. அதற்குக் காடு இருக்க வேண்டும். கிளந்தானின் குவா மூசாங் வட்டாரத்தில் குவாலா கோ என்ற பாத்தேக் கிராமத்தில் 2019இல் அடுத்தடுத்துப் பலர் இறந்தபோது, சுகாதார அமைச்சு காரணம் தட்டம்மை என்று உறுதிசெய்தது. அந்தக் கிராமத்தைச் சுற்றியிருந்த காட்டில் பெரும்பகுதி அதற்கு முன்பே செம்பனை என்ற எண்ணெய்ப் பனையாகவும் ரப்பராகவும் மாறியிருந்தது. நோயை எதிர்த்து நிற்கும் உடம்பு கிழங்கும் இறைச்சியும் கிடைத்த காலத்து உடம்பு அல்ல என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை.

தோட்டத்துக்குத் திரும்புவோம். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கப்பலில் இறக்கியது. பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் இன்று தாய்லாந்து எனப்படும் சயாமிலிருந்தும் வந்தது. ரப்பருக்கும் ஈயத்துக்கும் கிடைக்கும் வருமானத்தில் அரிசியை வாங்கிக்கொள்ளலாம், நெல்லுக்கு எதற்கு நிலத்தை வீணாக்குவது என்பதே அன்றைய கணக்கு. முதல் அடி 1919இல் விழுந்தது. இந்தியாவில் பருவமழை பொய்த்ததால் பர்மா அரிசியை அங்கே திருப்பினார்கள், சயாமும் ஏற்றுமதியை இறுக்கியது. 1921 வரை மலாயாவில் அரிசிக்கு அல்லாட்டம். இரண்டாவது அடி அரிசியால் வந்ததல்ல. 1930இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ரப்பர் விலை சரிந்தபோது, வேலையிழந்த தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். வேலை இருக்கும்போது உடம்பு தோட்டத்துக்கு. வேலை இல்லாதபோது அந்த உடம்புக்குச் சோறு போடும் பொறுப்பு தமிழ்நாட்டில் எங்கோ இருக்கும் அரை ஏக்கர் புஞ்சைக்கும் அண்ணன் தம்பிகளுக்கும். அந்தக் கிராமங்கள் தோட்ட முதலாளிகளின் காசில்லாக் களஞ்சியமாக இருந்தன என்பதை நம் குடியேற்ற வரலாற்றில் போதிய அழுத்தத்துடன் யாரும் எழுதவில்லை என்பது என் கருத்து.

மூன்றாவது அடியைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு ஓயாது. 1941 டிசம்பர் 11இல் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் குண்டு விழுந்தது. 19ஆம் தேதி ஜப்பானியர் பினாங்குக்குள் வந்துவிட்டார்கள். கப்பல்கள் போருக்குப் போயின, அரிசி வரத்து வற்றியது, ரப்பரை வாங்க ஆளில்லை. மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு அந்த இடத்தில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் ஊன்றினார்கள். காலையில் அவித்த கிழங்கு, மதியம் கிழங்கு மாவில் களி, இரவில் கிழங்குத் துண்டு மிதக்கும் கஞ்சி, தொட்டுக்கொள்ள மரவள்ளிக் கொழுந்து. கசப்பு மரவள்ளியை ஊறவைக்காமல் அவித்துத் தின்று மயங்கியவர்கள் உண்டென்று பாட்டி சொல்வார். சத்துக்குறைவால் வரும் பெரிபெரியில் கால் வீங்கியவர்கள், ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டுத் திரும்பாதவர்கள் என்று அந்தக் கதைகளுக்கு முடிவே இல்லை. நடுவில் பாட்டி ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார்: "வீட்டுல ஒரு மூட்டை அரிசி இருக்குன்னு தெரிஞ்சா போதும்ப்பா, மாப்பிள்ளைக்குக் கண்ணு தெரியுமா காது கேக்குமான்னுகூடக் கேக்காம பொண்ணு குடுத்த காலம் அது." இன்று தெருவோரக் கடையில் மரவள்ளி வடையை நான் ருசித்துத் தின்னும்போது, எங்கள் பெரியப்பா மட்டும் அந்தத் தட்டைத் திரும்பியும் பார்க்கமாட்டார்.

விடுதலைக்குப் பிறகு ஆங்கிலேயத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, இந்தக் கதையில் ஒரு திருப்பம் வந்திருக்கலாம். 1960இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் 10 வெள்ளி (ரிங்கிட்) வீதம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். முதலில் வாங்கியது கெடாவிலிருந்த புக்கிட் சீடிம் தோட்டம். நிலம் கைக்கு வந்தது பெரிய காரியம்தான். ஆனால் அங்கேயும் ரப்பரும் செம்பனையுமே தொடர்ந்தன. நெல்லோ கிழங்கோ போடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் கட்டுப்படியாகியிருக்காது.

உணவை நேரடியாகக் கையில் வைத்திருந்தவர்கள் என்று தோட்டப்புறத்தில் சொன்னால் அது மாடு வைத்திருந்தவர்கள்தான். பால்வெட்டு முடிந்த பிற்பகலில் புல்லறுத்து, மாடு கறந்து, மிதிவண்டியில் கேனைக் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்ப் பால் ஊற்றிய குடும்பங்கள், மழைக்காலத்தில் பேர் விழாதபோதும் பட்டினி கிடக்கவில்லை. பிள்ளைகளைப் படிக்கவைக்கவும் அந்த மாடுகள் உதவின. பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் இன்றும் மாடு வளர்க்கும் ஒரு மாமாவை எனக்குத் தெரியும். அவருடைய கொட்டகைக்குப் போய்ப் பார்த்தால் மேய்ச்சல் வாழ்க்கை என்ற சொல்லின் அர்த்தம் கொஞ்சம் குழம்பிவிடும். தொட்டியில் இருப்பது சோயாக் கட்டி செய்யும் சீனர் தவ்ஃபூ பட்டறையிலிருந்து காலையில் வாளி வாளியாக எடுத்து வந்த சோயாச் சக்கை. அதோடு ஆலையிலிருந்து வரும் செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு, கொஞ்சம் தவிடு, உப்பு. பிற்பகலில் மாடுகள் செம்பனை மரங்களுக்கிடையே மேயும். களை தீர்கிறதே என்று சில தோட்ட நிர்வாகங்கள் கண்டுகொள்வதில்லை. மண் இறுகுகிறது, வேர்நோய் பரவுகிறது என்று வேறு சில விரட்டிவிடுகின்றன. ஆலைக் கழிவையும் அயலார் நிலத்துப் புல்லையும் தின்னும் இந்த மாடுகளை முல்லைத் திணையில் சேர்ப்பதா, ஆலைத் தொழிலில் சேர்ப்பதா? மாமாவிடம் கேட்டேன். "பால் வெள்ளையா இருந்தா சரிம்மா" என்றார்.

மாமாவின் பிள்ளைகள் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார்கள். 1972இல் அங்கே தடையற்ற வாணிப வலயம் திறந்த பிறகு பினாங்குக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுதான் வயல். கொட்டகையில் அவருக்குத் துணையாக இருப்பவர் வங்காளதேசத்திலிருந்து வந்த ஓர் இளைஞர். மாதாமாதம் அவர் அனுப்பும் பணத்தில் ஊரில் நெல் வாங்குகிறார்கள். இங்கே வேலை போனால் அவருக்குச் சோறு போடப்போவதும் அந்த ஊர்தான்.

கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாகக் கடைசிக் காதங்களில் ஓடும் மூடா ஆற்றை நான் ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கெடா என்றதும் நம்மவர்கள் கடாரத்துக்கும் ராஜேந்திர சோழனுக்கும் தாவிவிடுவார்கள். படை வந்ததும் போனதும் இருக்கட்டும், அந்த ஆறு மனிதர்களுக்கு என்ன தின்னக் கொடுத்தது என்பதில்தான் எனக்கு ஆர்வம். ஆற்றின் தென்கரைப் பக்கம் செபராங் பிறையில் குவார் கெப்பா என்ற இடம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் கண்ணில் பட்ட கிளிஞ்சல் மேடுகள் அங்கே இருந்தன. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிளிஞ்சல் சதையைத் தின்றுவிட்டு ஓட்டை அதே இடத்தில் கொட்டி, இறந்தவர்களையும் அதிலேயே புதைத்து, மேடாகிய மேடு. சுண்ணாம்புக்காக அதைப் பெருமளவு வெட்டியெடுத்துவிட்டார்கள். அகழ்ந்தெடுத்த எலும்புக்கூடுகள் பல நெதர்லாந்தின் லைடன் நகரத்துக்குப் போயின. எல்லாம் தீர்ந்தது என்று நினைத்திருந்தபோது, 2017இல் கட்டட வேலையின் நடுவே ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. அவர் வாழ்ந்தது ஏறக்குறைய 5,700 ஆண்டுகளுக்கு முன். விதைக்காமல், மேய்க்காமல், ஒரே இடத்தில் மேடு எழும்பும் அளவுக்குத் தங்கி வாழ முடிந்திருக்கிறது என்றால் அந்தச் சேற்றுக் கடற்கரை எவ்வளவு வாரி வழங்கியிருக்க வேண்டும்.

அதே ஆற்றின் முகத்துவாரத்தில், கெடாக் கரையில், கோத்தா குவாலா மூடா மீன் சந்தை நடக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அடிபட்ட ஊர் அது. படகு கரைக்கு வந்ததும் மீன் கூடைகளைத் தரையில் பரப்புவார்கள். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக விற்பவரின் காதருகே குனிந்து தங்கள் விலையை முணுமுணுப்பார்கள். அவர் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. எல்லாரும் சொல்லி முடித்ததும், உயர்ந்த விலை சொன்னவரைப் பார்த்து ஒரு தலையசைப்பு, கூடை கைமாறிவிடும். பக்கத்திலிருப்பவர் என்ன கேட்டார் என்பது தெரியாததால், தோற்றவருக்கு மானக்கேடு இல்லை, வென்றவர் மேல் பொறாமையும் அவ்வளவாக இல்லை. எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்த ஊரில், நாளைக்கும் இதே முகங்களோடு வியாபாரம் செய்தாக வேண்டிய இடத்தில், சந்தை எப்படித் தன்னை அடக்கிக்கொள்கிறது என்பதைப் பார்க்க அங்கே போக வேண்டும். கெம்போங் மீனும் நல்ல பெரிய இறாலும் அங்கிருந்து லாரியேறிப் பட்டர்வொர்த் பாசாருக்கு வரும்போது விலை உரத்த குரலில் சொல்லப்படுகிறது. அங்கே யாரும் யாருக்கும் வெட்கப்படுவதில்லை.

ஆற்றின் தலைமாட்டில் வேறொரு கதை. மூடா, பெடு என்ற இரண்டு அணைகளும் 1960களின் இறுதியில் கட்டப்பட்டன. மூடா அணையில் தேங்கும் நீரை மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகப் பெடு நீர்த்தேக்கத்துக்குக் கடத்தி, அங்கிருந்து வடக்கே கெடா, பெர்லிஸ் சமவெளிக்குத் திறந்துவிடுகிறார்கள். ஏறக்குறைய 96,000 ஹெக்டேர் வயல்களில் ஆண்டுக்கு ஒருபோகம் இருபோகமாயிற்று. நாட்டின் நெற்களஞ்சியம் என்று கெடாவுக்குப் பெயர் நிலைத்தது அதனால்தான். விளைச்சல் பெருகியது, ஆனால் அறுவடைக் கூலியை நம்பியிருந்த நிலமற்றவர்களுக்கு அந்தப் பெருக்கம் நிலைக்கவில்லை. 1970களின் பிற்பகுதியில் அறுவடை இயந்திரங்கள் இறங்கின. 1980க்குள் அந்த வட்டாரத்து நெல்லில் ஐந்தில் நான்கு பங்கை அவையே அறுத்தன. அரிவாள் பிடித்த ஆண்களுக்கும், களத்தில் நெல் தூற்றியும் சிந்திய கதிரைப் பொறுக்கியும் வீட்டுக்கு ஒரு படி கொண்டுபோன பெண்களுக்கும் வயலில் வேலை இல்லாமல் போயிற்று. நெல் நடுவே வாழ்ந்துகொண்டு கடையில் அரிசி வாங்கும் நிலைக்கு மலாய்க் கிராமத்து ஏழைகளும் வந்து சேர்ந்தார்கள். எங்கள் பாட்டிக்கு அவர்களை நன்றாகப் புரிந்திருக்கும்.

இத்தனை இருந்தும் நாட்டின் அரிசித் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்றும் வெளியிலிருந்துதான் வருகிறது. இறக்குமதி உரிமை 1996 முதல் பெர்னாஸ் என்ற ஒரே நிறுவனத்திடம் இருக்கிறது. 2023 ஜூலை 20இல் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடைசெய்தது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி விதித்தது. செப்டம்பர் முதல் தேதியில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏறியது. பத்துக் கிலோ 26 வெள்ளி என்று கட்டுப்படுத்தப்பட்ட உள்நாட்டு அரிசியும் அதன்பின் கடைத் தட்டுகளில் கண்ணாமூச்சி ஆடத் தொடங்கியது. பினாங்கின் லிட்டில் இந்தியாவில் பொன்னி அரிசிக்கு நின்ற எங்களில் பலர் அதை விலைவாசிச் செய்தியாக மட்டுமே பேசிக்கொண்டோம். என் மனம் 1919க்கு ஓடியது. நூறு ஆண்டுகள் கழித்தும், இந்தியாவில் ஓர் அரசு தன் மக்களின் சோற்றை நினைத்துக் கதவைச் சாத்தினால் பினாங்கு அடுப்பில் உலை காத்திருக்கிறது. அன்றைக்கு லயத்துக்குப் பின்னால் மரவள்ளி ஊன்றக் கொஞ்சம் மண்ணாவது இருந்தது. இன்று நம்மில் பெரும்பாலோர் பதினைந்தாவது மாடியில் இருக்கிறோம். மாடித்தோட்டத்துக் கறிவேப்பிலையை நம்பி யாரும் முற்றுகையைத் தாங்க முடியாது. தடை 2024 செப்டம்பரில் நீங்கிவிட்டது. உடனே பேச்சும் நின்றுவிட்டது.

நெல்லை விட நெருக்கமான ஒன்றைப் பற்றி நாம் இன்னும் குறைவாகவே பேசுகிறோம். பினாங்கு மாநிலம் குடிக்கும் நீரில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் அந்த மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. அணைக்கு மேலே பிடிபடும் தண்ணீர் வடக்கே போய் நெல்லாகிறது. கீழே இறங்கி வருவது சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையம் வழியாக எங்கள் குழாய்க்கு வருகிறது. 2024 ஜனவரியில் அந்த நிலையத்தில் கசிந்துகொண்டிருந்த இரண்டு பெரிய அடைப்பான்களை மாற்றுவதற்காக 10ஆம் தேதி முதல் 14ஆம் தேதி வரை நீர் நிறுத்தப்பட்டபோது, தீவிலும் பெருநிலத்திலும் லட்சக்கணக்கான வீடுகள் வறண்டன. முன்கூட்டியே அறிவித்திருந்ததால் வாளி, அண்டா, குழந்தைகள் குளிக்கும் தொட்டி என்று கிடைத்த பாத்திரத்திலெல்லாம் பிடித்துவைத்துச் சமாளித்தோம். எங்கள் அடுக்ககத்தில் கீழ்மாடிச் சீன அம்மா ஒருவர், பிடித்துவைக்க ஆளில்லாத கிழவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொரு வாளி தூக்கிக்கொண்டு போனார். பாத்தேக் முகாமைப் பற்றி நான் படித்ததற்குக் கிட்டத்தட்ட ஒத்த காட்சி அந்த வாரம் மின்தூக்கி வாசலில் நடந்தது.

ஆற்றுக்கு நீர் தரும் உலு மூடாக் காடு முழுவதும் கெடாவில் இருக்கிறது. அங்கே மரம் வெட்டுவது நின்றபாடில்லை. காட்டைக் காப்பாற்றினால் மரவருமானத்தை இழக்கிறோமே என்பது கெடாவின் வாதம். பச்சைத் தண்ணீருக்கு ஆண்டுக்கு 5 கோடி வெள்ளி தர வேண்டும் என்று அது பினாங்கைக் கேட்டுவருகிறது. ஆறு தன் எல்லைக்குள்ளும் இயல்பாக ஓடுகிறது, ஓடும் நீருக்கு எதற்கு விலை என்று பினாங்கு மறுக்கிறது. வழக்கறிஞர் வாதமாகப் பார்த்தால் பினாங்கின் பக்கம் வலு இருக்கலாம். ஆனால் காட்டைக் காக்கும் செலவை மேட்டிலிருப்பவர் மட்டும் சுமக்க, பள்ளத்திலிருப்பவர் குழாயைத் திறந்தால் போதும் என்ற ஏற்பாடு நீடிக்காது என்றே நினைக்கிறேன். பணத்தைக் கூட்டரசு கொடுக்குமா, பினாங்கு கொடுக்குமா, காட்டைக் காப்பதற்கு மட்டுமே அதைச் செலவிட வேண்டும் என்று நிபந்தனை போட முடியுமா என்பதெல்லாம் இரண்டு மாநிலத் தலைவர்களும் பத்திரிகையாளர் கூட்டங்களில் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்ளும் விஷயமாகவே இன்னும் கிடக்கிறது.